டைட்டானியம் எஸ்டரைத் தொடுமா, தொடாதா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஒரே மூலக்கூறில் ஆல்டிஹைடும் மெத்தில் எஸ்டரும் இருக்கின்றன. ஆல்டிஹைடில் மட்டும் எத்தில் சேர வேண்டும். டைட்டானியம் சேர்த்தால் கிரிக்னார்டு வினைப்பொருள் (கார்பன்–மெக்னீசியம் பிணைப்புள்ளது) சாதுவாகிவிடும், எஸ்டர் பக்கமே போகாது என்று படித்திருக்கிறீர்கள். அதை நம்பி டைட்டானியம் டெட்ராஐசோபுரொப்பாக்சைடு 1 ஈக்விவலன்ட் (மூலக்கூறுக்குச் சமமான மோல் அளவு), எத்தில்மெக்னீசியம் புரோமைடு 2.2 ஈக்விவலன்ட் எடுத்து, டெட்ராஹைட்ரோபியூரானில் அறை வெப்பநிலையில் கலந்து, அதில் மூலக்கூறைச் சேர்த்தீர்கள். கலவை கறுத்தது, எஸ்டரில் பெரும்பகுதி காணாமல் போனது, மிஞ்சியதிலும் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் எஸ்டராக மாறிக் கிடந்தது. அப்புறம் இன்னொரு நூலில், டைட்டானியமும் கிரிக்னார்டும் சேர்ந்தால் எஸ்டர் சைக்ளோபுரொப்பனாலாக மாறும் என்று இருக்கக் கண்டு, எது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் சரி. முதல் நூலின் விளைபொருளை விரும்பி, இரண்டாம் நூலின் செய்முறையைச் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான். டைட்டானியத்துக்கு என்று நிலையான ஒரு குணத்தைத் தேடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பியூட்டைல்லித்தியம் எப்படி நடக்கும் என்று ஓரளவு பொதுவாகச் சொல்லிவிடலாம். டைட்டானியத்தில் அது முடியாது. வினைப்பொருளை எடை போடும் முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: டைட்டானியத்தின் மேல் எத்தனை கார்பன்கள் ஏறப்போகின்றன, அந்தக் கார்பன் தொகுதிகளில் பீட்டா ஹைட்ரஜன் (உலோகத்திலிருந்து இரண்டாவது கார்பனில் உள்ளது) உண்டா, மிச்ச இடங்களில் உட்காரும் ஈனிகள் (உலோகத்தோடு பிணையும் தொகுதிகள்) எவை. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எஸ்டரின் கதியையும் ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

உங்கள் குடுவையில் நடந்ததை முதலில் பார்ப்போம். இரண்டு ஈக்விவலன்டுக்கு மேல் கிரிக்னார்டு போட்டதால், இரண்டு ஐசோபுரொப்பாக்சைடுகள் விலகி, அந்த இடங்களில் இரண்டு எத்தில்கள் ஏறின. எத்திலுக்குப் பீட்டா ஹைட்ரஜன் உண்டு. குளிர் விலகியதும் ஒரு எத்தில் தன் பீட்டா ஹைட்ரஜனை மற்ற எத்திலுக்குக் கொடுக்க, அது ஈத்தேனாகக் குமிழியிட்டு வெளியேறுகிறது. எஞ்சிய இரண்டு கார்பன்களும் டைட்டானியத்தோடு சேர்ந்து ஒரு முக்கோண வளையமாகின்றன. டைட்டானாசைக்ளோபுரொப்பேன் என்பது அதன் பெயர். இரண்டாம் ஆக்சிஜனேற்ற நிலை டைட்டானியத்தின் எத்திலீன் அணைவு என்றும் அதையே வரையலாம். கறுப்பு நிறம் அதன் அடையாளம். அல்காக்சைடு சூழலில் உள்ள நான்காம் நிலை டைட்டானியத்துக்கு டி எலக்ட்ரான் கிடையாது, ஆகவே அது நிறமற்றதாகவோ மஞ்சளாகவோதான் இருக்கும். பழுப்பும் கறுப்பும் வந்தால் உலோகம் ஒடுக்கமடைந்துவிட்டது என்று பொருள். இந்த நிறக் கணக்கை, இரண்டு சைக்ளோபென்டாடையீனைல் வளையங்கள் கொண்ட டைட்டனோசீன்களுக்குப் பொருத்தாதீர்கள், அவை பிறவியிலேயே சிவப்போ ஆரஞ்சோ.

அந்த முக்கோண வளையத்தில் கார்பன்–டைட்டானியம் பிணைப்புகள் இரண்டு இருக்கின்றன, இறுக்கமும் இருக்கிறது. எஸ்டரின் கார்பனைல் முதல் பிணைப்புக்குள் நுழைந்து ஐந்துறுப்பு வளையமாகிறது. அதிலிருந்து மெத்தாக்சைடு விலகியதும் கீட்டோன் பிறக்கிறது. இரண்டாவது கார்பன்–டைட்டானியம் பிணைப்பு அதே மூலக்கூறில் பக்கத்திலேயே காத்திருப்பதால் கீட்டோனுக்குத் தப்ப வழியில்லை. வளையம் மூடி சைக்ளோபுரொப்பனால் ஆகிறது. 1989-இல் மின்ஸ்கில் ஓலெக் குலின்கோவிச் குழு வெளியிட்ட வினை இது. வேண்டுமென்றே இதைச் செய்பவர்கள் டைட்டானியத்தை வினையூக்கி அளவில்தான் போடுவார்கள்: எஸ்டர் 10 மில்லிமோல், டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு 1 முதல் 2 மில்லிமோல், எத்தில்மெக்னீசியம் புரோமைடு 22 முதல் 25 மில்லிமோல். எஸ்டரும் டைட்டானியமும் ஈதரிலோ டெட்ராஹைட்ரோபியூரானிலோ காத்திருக்க, 20 டிகிரியை ஒட்டி, கிரிக்னார்டை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் டைட்டானியத்துக்கு வேலை கிடைக்கும் முன்பே கிரிக்னார்டு நேராக எஸ்டரைத் தாக்கி மூவிணைய ஆல்கஹாலைத் தந்துவிடும். முடிவில் கலவையைக் குளிர்ந்த 5 முதல் 10 சதவீத சல்பூரிக் அமிலத்தில் ஊற்றுவது வழக்கம். சைக்ளோபுரொப்பனாலை வலுவான காரத்தோடு விட்டுவைக்கக் கூடாது, வளையம் திறந்து எத்தில் கீட்டோனாகிவிடும். நீண்ட சங்கிலி கிரிக்னார்டு போட்டால் வளையத்தின் இரு அல்கைல் தொகுதிகளும் சிஸ் அமைப்பில் வரும். சைக்ளோபென்டைல் அல்லது சைக்ளோஹெக்சைல்மெக்னீசியம் குளோரைடோடு முனை ஆல்கீன் ஒன்றையும் சேர்த்தால் ஈனி மாற்றம் நடந்து, அந்த ஆல்கீனே வளையத்துக்குள் போகும். மூவிணைய அமைடிலிருந்து இதே வழியில் சைக்ளோபுரொப்பைல்அமீன் கிடைக்கும். அங்கே மெத்தில்ட்ரைஐசோபுரொப்பாக்சிடைட்டானியம் எடுத்துக்கொண்டால் எத்தில் கிரிக்னார்டு ஒரு ஈக்விவலன்டே போதும், ஈத்தேனுக்குப் பதில் மீத்தேன் போகும். கிரிக்னார்டு விலை உயர்ந்ததாக இருக்கும்போது இது பெரிய லாபம்.

ஐசோபுரொப்பைல் எஸ்டர் வந்தது தனிக் கதை. டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடே எஸ்டர் மாற்றத்துக்குப் பேர்போன வினையூக்கி. போதாக்குறைக்கு, டைட்டானியத்திலிருந்து விலகிய ஐசோபுரொப்பாக்சைடு மெக்னீசியம் உப்பாகக் குடுவையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அறை வெப்பநிலையில் நீண்ட நேரம் விட்டால் மெத்தில் எஸ்டர் மாறத்தான் செய்யும். குளிரில் வைத்திருந்தால் இது பெரும்பாலும் எழுவதில்லை.

இனி நீங்கள் விரும்பிய சாதுவான பக்கம். 1980களின் தொடக்கத்தில் மன்ஃப்ரெட் ரீட்ஸும் டீட்டர் சீபாக்கும் தனித்தனியே விரிவாக ஆராய்ந்தது, ஒரு கார்பனும் மூன்று அல்காக்சைடுகளும் கொண்ட டைட்டானியம். இதில் டைட்டானியம்–கார்பன் பிணைப்பு, லித்தியத்திலோ மெக்னீசியத்திலோ இருப்பதைவிட முனைவுத்தன்மை குறைந்தது. அல்காக்சைடு ஆக்சிஜன்கள் தம் தனித்த எலக்ட்ரான் இணைகளை உலோகத்தின் காலி ஆர்பிட்டால்களுக்குள் தள்ளி, அதன் லூயிஸ் அமிலத்தன்மையையும் (எலக்ட்ரான் இணையை ஏற்கும் தன்மை) மட்டுப்படுத்துகின்றன. ஐசோபுரொப்பைல் தொகுதிகளின் பருமன் வேறு வழியை அடைக்கிறது. விளைவு, ஆல்டிஹைடுகள் மைனஸ் 78 டிகிரிக்கும் 0 டிகிரிக்கும் இடையில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கீட்டோன்களுக்கு அறை வெப்பநிலையும் பல மணி நேரமும் வேண்டும். எஸ்டர், நைட்ரைல், நைட்ரோ, அல்கைல் ஹாலைடு ஆகியவை அப்படியே இருக்கும். காரத்தன்மையும் குறைவு. 2-டெட்ரலோன் போல, கிரிக்னார்டைக் கண்டதும் ஈனோலேட்டாகி ஓடும் கீட்டோன்களில்கூட மெத்தில்டைட்டானியம் சேர்கிறது. பலருக்கு இதுதான் டைட்டானியத்தை எடுக்க முதற்காரணம்.

இதைச் செய்ய டெட்ராஐசோபுரொப்பாக்சைடிலிருந்து தொடங்க வேண்டாம், குளோரோட்ரைஐசோபுரொப்பாக்சிடைட்டானியத்திலிருந்து தொடங்குங்கள். குளோரைடு முழுதாக, சுத்தமாக விலகும். டெட்ராஐசோபுரொப்பாக்சைடோடு ஒரு ஈக்விவலன்ட் கிரிக்னார்டு சேர்த்தால் ஐந்து ஈனிகள் கொண்ட ‘ஏட்’ அணைவுதான் வரும். அல்லைல் தொகுதிக்கு அது நல்லது, மற்றவற்றுக்கு நம்பிக்கை குறைவு. குளோரோ சேர்மத்தைக் குடுவையிலேயே செய்துகொள்ளலாம். 3 பங்கு டெட்ராஐசோபுரொப்பாக்சைடுக்கு 1 பங்கு டெட்ராகுளோரைடு சேர்த்தால் ஈனிகள் தாமே பங்கு பிரித்துக்கொள்ளும். 40 மில்லிமோல் வேண்டுமானால் டெட்ராஐசோபுரொப்பாக்சைடு 30 மில்லிமோல், அதாவது 8.53 கிராம், டெட்ராகுளோரைடு 10 மில்லிமோல், 1.90 கிராம், ஏறத்தாழ 1.1 மில்லிலிட்டர். ஹெக்சேனில் 0 டிகிரியில், ஆர்கான் வாயுச் சூழலில், டெட்ராகுளோரைடை மெல்லச் சொட்டவிட்டு, பிறகு அறை வெப்பநிலைக்கு வரவிட்டுக் கலக்குங்கள். டெட்ராகுளோரைடு காற்றின் ஈரத்தைக் கண்டதும் ஹைட்ரஜன் குளோரைடும் டைட்டானியம் டைஆக்சைடுமாகப் புகையும். அந்த வெள்ளைத் தூள் ஊசியை அடைத்து சிரிஞ்சின் தண்டையும் இறுக்கிவிடும், ஆகவே எடுத்ததும் விட்டுவிட வேண்டும், கையில் வைத்துக்கொண்டு அளவு சரிபார்க்கக் கூடாது. அதை நேராக டெட்ராஹைட்ரோபியூரானில் விடுவதும் தவறு. மஞ்சள் நிற அணைவு திடமாகப் படியும், சூடும் கிளம்பும். டெட்ராஐசோபுரொப்பாக்சைடு 17 டிகிரியை ஒட்டி உறையக்கூடியது, குளிர்ந்த அறையில் கட்டியாக இருந்தால் கெட்டுவிட்டது என்று எறிய வேண்டாம், இளஞ்சூட்டில் உருகும். புட்டியின் வாயில் வெள்ளைப் பொருக்கு தட்டியிருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

எந்தக் கார்பனை ஏற்றுகிறீர்கள் என்பதும் முக்கியம். மெத்தில் மிக நம்பகமானது; மெத்தில்ட்ரைஐசோபுரொப்பாக்சிடைட்டானியத்தை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து வைத்துக்கொள்ளக்கூட முடியும். ஃபீனைல் நன்றாக வேலை செய்யும். எத்தில், பியூட்டைல் போன்ற முதன்மை அல்கைல்கள் குளிரில் தாங்கும், சூடேற்றினால் பீட்டா ஹைட்ரஜனை இழக்கும். ஐசோபுரொப்பைலும் மூவிணைய பியூட்டைலும் பெரும்பாலும் ஏமாற்றம்தான், சேர்க்கைக்குப் பதில் ஒடுக்கம் தலைதூக்கும். வினைல் தொகுதி இரண்டிரண்டாக இணைந்து டையீனாகிவிடும் போக்குள்ளது.

ஆக, உங்கள் மூலக்கூறுக்கு ஒரு வழி இது: குளோரோட்ரைஐசோபுரொப்பாக்சிடைட்டானியம் 1.3 ஈக்விவலன்ட், ஈதரில், மைனஸ் 78 டிகிரி. எத்தில் கிரிக்னார்டு 1.2 ஈக்விவலன்ட், அதைவிட ஒரு சொட்டு அதிகமாக வேண்டாம். மைனஸ் 40 டிகிரி வரை ஏறவிட்டு அரை மணி நேரம் கலக்கி, மறுபடி குளிர்வித்து, ஆல்டிஹைடை ஈதரில் கரைத்து மெல்ல விடுங்கள். மைனஸ் 20-ஐத் தாண்டாமல் மெல்லிய அடுக்கு நிறப்பிரிகையில் பின்தொடருங்கள். கலவை மஞ்சளாகவே இருந்தால் சரியான பாதையில் போகிறது. பழுப்பேறினால் சூடு அதிகம், இல்லையென்றால் கிரிக்னார்டு அதிகம். ஆனால் எத்தில்தான் வேண்டுமென்றால் நான் முதலில் எடுப்பது டைஎத்தில்சிங்க். அதோடு டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு 1.2 முதல் 1.4 ஈக்விவலன்ட், பினால் (BINOL) அல்லது டாடால் (TADDOL) என்ற கைரல் ஈனி 10 முதல் 20 சதவீதம், வெப்பநிலை மைனஸ் 20 முதல் 0 டிகிரி. துத்தநாகம் எத்திலைச் சிறுகச் சிறுகத்தான் டைட்டானியத்துக்குக் கைமாற்றும், அதனால் டைட்டானாசைக்ளோபுரொப்பேன் வரை போவதில்லை. எஸ்டரும் பிழைக்கும், ஆல்கஹாலின் இரு எதிருருக்களில் ஒன்றே பெரும்பான்மையாகவும் கிடைக்கும். டைஎத்தில்சிங்க் காற்றுபட்டால் தானே தீப்பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஈனியை மாற்றினால் என்ன ஆகும் என்பது இந்த வேதியியலின் மிக ருசியான பகுதி. மூன்று அல்காக்சைடுக்குப் பதில் மூன்று குளோரைடு வைத்தால், அதே மெத்தில் இப்போது வலுவான லூயிஸ் அமிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆல்ஃபா இடத்தில், அதாவது கார்பனைலுக்கு அடுத்த கார்பனில், பென்சைலாக்சி உள்ள ஆல்டிஹைடைக் கொடுத்தால், மெத்தில்ட்ரைகுளோரோடைட்டானியம் இரு ஆக்சிஜன்களையும் கொடுக்குப் போலப் பிடித்துக்கொண்டு, இட அமைப்பில் வேறுபடும் இரு வடிவங்களில் (டைஆஸ்டீரியோமர்கள்) ஒன்றைத் தரும். மெத்தில்ட்ரைஐசோபுரொப்பாக்சிடைட்டானியம் பிடிக்காமல் சேர்ந்து மற்றதைத் தரும். மெத்திலைத் தொடாமல் ஈனியை மட்டும் மாற்றி விகிதத்தைத் தலைகீழாக்குவதை வேறு உலோகத்தில் இவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது. டைகுளோரோடைமெத்தில்டைட்டானியம் இன்னும் ஒரு படி மேலே போய், கீட்டோனின் ஆக்சிஜனையே கழற்றி இரண்டு மெத்தில்களை வைத்துவிடும். எதிர்த்திசையில், டைஅல்கைல்அமைடு ஈனிகள் கொண்ட டைட்டானியம் ஆல்டிஹைடின் மேல் அமீனைக் கொண்டுபோய் ஒட்டி அதைத் தற்காலிகமாக மூடிவைக்கும்; அந்த நேரத்தில் அல்கைல்லித்தியம் விட்டால் கீட்டோன்தான் வினைபுரியும். தேர்வுத்திறன் அப்படியே திரும்பிவிடுகிறது.

டைட்டானியத்தின் மேல் இரண்டு கார்பன், ஆனால் பீட்டா ஹைட்ரஜன் இல்லை, மிச்ச இரண்டு இடத்தில் சைக்ளோபென்டாடையீனைல் வளையங்கள் என்றால் மூன்றாவது விதமான நடத்தை வருகிறது. டைமெத்தில்டைட்டனோசீனை 60 முதல் 75 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு மெத்தில் மற்றதன் ஆல்ஃபா ஹைட்ரஜனை (உலோகத்தை ஒட்டிய கார்பனில் உள்ளது) பறித்து மீத்தேனாகப் போகும். மிஞ்சுவது டைட்டானியம்–கார்பன் இரட்டைப் பிணைப்பு. அது கார்பனைலோடு நான்குறுப்பு வளையமாகி, ஆக்சிஜனை டைட்டானியத்துக்கு வைத்துக்கொண்டு, மெத்திலீனைக் கார்பனுக்குக் கொடுக்கிறது. கார்பனைலை ஆல்கீனாக்கும் வழக்கமான விட்டிக் வினை மறுக்கும் எஸ்டரை இது வினைல் ஈதராக்கும். 1990-இல் பெட்டாசிஸ் அறிமுகப்படுத்திய இந்த வினைப்பொருளுக்கு 2 ஈக்விவலன்டாவது தேவை, ஏனென்றால் பிறக்கும் டைட்டானியம் ஆக்சைடு இனம் இன்னொரு டைமெத்தில்டைட்டனோசீனையும் விழுங்கிவிடும். அதைத் திடமாகப் பிரித்து வைக்கக் கூடாது. திட நிலையில் சிதைவு தன்னைத்தானே ஊக்கிக்கொண்டு ஓடும். டொலுயீன்–டெட்ராஹைட்ரோபியூரான் கரைசலாக, குளிரில், இருட்டில் வையுங்கள். கரைசலாகக் கையாளத் தெரிந்தால் அளவு ஒரு தடையில்லை: அப்ரெப்பிடன்ட் என்ற வாந்தித் தடுப்பு மருந்தின் தயாரிப்பில் மெர்க் நிறுவனம் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. இதற்கு முன்னோடி 1978-இல் வந்த டெப்பி வினைப்பொருள், டைட்டனோசீன் டைகுளோரைடையும் 2 ஈக்விவலன்ட் ட்ரைமெத்தில்அலுமினியத்தையும் டொலுயீனில் சுமார் 3 நாள் வைத்துச் செய்வது. அது குளிரிலேயே வேலை செய்யும், ஆனால் காற்றில் தீப்பற்றும், கூடவரும் அலுமினியம் லூயிஸ் அமிலம் என்பதால் மென்மையான தொகுதிகளைக் கெடுக்கும். டைபுரோமோமீத்தேன், துத்தநாகம், டைட்டானியம் டெட்ராகுளோரைடு கொண்ட தக்காய் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. துத்தநாகத்தில் இருக்கும் துளி ஈயம்தான் வினையை ஓட்டுகிறது, ஆகவே அதிசுத்தமான துத்தநாகம் வாங்கினால் வேலை செய்யாமல் போகலாம். கொஞ்சம் ஈய குளோரைடு போட்டால் உயிர் வரும்.

வொர்க்-அப்பில், அதாவது வினை முடிந்தபின் விளைபொருளைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில், பலர் விளைபொருளை இழக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் டைட்டானியம் வெள்ளைக் களியாகி, இரு அடுக்குகளையும் பால்மமாக்கி, பொருளையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். அமிலம் தாங்கும் பொருளானால் குளிர்ந்த 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும், களி கரைந்துவிடும். தாங்காதென்றால் நிறைவுற்ற பொட்டாசியம் ஃபுளோரைடு அல்லது ரோஷல் உப்புக் (பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட்) கரைசலோடு, தேவையானால் இரவு முழுக்க, இரு அடுக்கும் தெளியும்வரை கலக்குங்கள். வேறொரு வழி, தண்ணீரை மிகக் குறைவாக, டைட்டானியத்துக்கு 5 முதல் 10 ஈக்விவலன்ட் மட்டும் விட்டு, வீழ்படிவு மணல்போல் ஆகும்வரை கலக்கி, செலைட் என்ற வடிகட்டும் மண்தூளில் வடித்து, எத்தில் அசிட்டேட்டால் தாராளமாகக் கழுவுவது. வினைல் ஈதர்களைச் சாதாரண சிலிக்காவில் ஏற்ற வேண்டாம். கார அலுமினா, இல்லையென்றால் ட்ரைஎத்தில்அமீனில் நனைத்த சிலிக்கா.

மேலே சொன்னவற்றில் வினையின் போக்கு, அளவு, தேர்வுத்திறன் ஆகியவை பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கப்பட்டவை. வினைவழிமுறை எல்லாம் அதே உறுதியில் இல்லை. டைமெத்தில்டைட்டனோசீனில் டைட்டானியம் கார்பீன் இடைநிலை என்பதற்கு ஐசோடோப்பு ஆய்வுகளின் வலுவான ஆதரவு உண்டு. குலின்கோவிச் வினையில் எஸ்டரைச் சந்திப்பது தனி டைட்டானாசைக்ளோபுரொப்பேனா, கூடுதல் கிரிக்னார்டு ஒட்டிய ‘ஏட்’ அணைவா என்பதில் இரு தரப்பு வாதங்களும் இருக்கின்றன. நான் வரைந்து காட்டியது பாடநூல் வடிவம். கொடுக்குப் பிடிப்பு விளக்கமும் ஆல்ஃபா அல்காக்சி கார்பனைல்களுக்கு நன்றாகப் பொருந்தும், பீட்டா அல்காக்சிக்குப் போகும்போது கணிப்பு தளரும். உங்கள் மூலக்கூறின் முழு அமைப்பைப் பார்க்காமல் நான் தந்த வெப்பநிலைகளும் தொடக்கப் புள்ளிகளே. ஆல்டிஹைடுக்குப் பக்கத்தில் பருமனான தொகுதி இருந்தால் மைனஸ் 20 போதாமல் போகலாம்.

மறுபடி செய்யும் முன் கிரிக்னார்டைத் தரம்பார்த்துவிடுங்கள். மெந்தாலும் 1,10-பீனாந்த்ரோலினும் போதும், நிறம் மாறும் புள்ளி கண்ணுக்கே தெரியும். புட்டியில் 3 மோலார் என்று எழுதியிருப்பது திறந்து சில மாதங்கள் ஆனால் பொய்யாகிவிடும். கரைப்பான் ஆவியாகி அடர்த்தி ஏறியும் இருக்கலாம். சாதாரணக் கிரிக்னார்டு வினையில் இந்தப் பிழை விளைச்சலைக் கொஞ்சம் குறைக்கும். இங்கே 1.2 என்று நினைத்து 1.6 விட்டால், டைட்டானியத்தின் ஒரு பங்கில் இரண்டாவது எத்தில் ஏறிவிடும், எஸ்டர் மறுபடி போய்விடும்.